மாலைக்கு நீட்டிய கழுத்து

...ஆகட்டும்க்கா என்றாளே நல்லமுத்து, அதோடு விட்டாளே, ஒரு வார்த்தை திருப்பிப் பேசியிருந்தால் ஆறியிருக்கும், நீயும் ஒரு பொம்பளையா என்று கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை, கேட்கவில்லை, மகள் தலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்த கை ஒரு நொடி நிற்கவில்லை, ஆகட்டும்க்கா... அவ்வளவுதான். காலையிலிருந்து அதை எத்தனை தடவை நினைத்தாகிவிட்டது என்று அழகம்மாவுக்கே தெரியவில்லை. தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்து முன்வரிசை வாங்குப் பலகையில் அவளைக் கொண்டுவந்து உட்கார்த்தி வைத்திருந்தார்கள், ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் மூன்று மணி இருக்கும், மாசிப் பனி அதற்குள்ளேயே மலையை மூடிக்கொண்டு இறங்கிவிட்டது, திறந்த ஜன்னல் வழியாக அது உள்ளே வந்து வர்ணக் காகிதத் தோரணத்தையெல்லாம் நனைத்துத் தொங்கப் போட்டிருந்தது. முன்வரிசையில் அவள் வாழ்நாளில் உட்கார்ந்ததில்லை, மாரியம்மன் கோயில் திருவிழாவிலேயே ஓரமாக நின்று பார்த்துவிட்டுப் போகிறவள், முதுகுக்குப் பின்னால் அத்தனை லயத்து வரிசைவீட்டுச் சனமும் உட்கார்ந்து தன் பின்கழுத்தையே பார்க்கிறது என்று நினைக்க நினைக்க முதுகு விறைத்துக்கொண்டு வந்தது. கொழுந்துக் கூடையைத் தூக்கிக்கொண்டு மலையேறும்போது வலிக்காத முதுகு. சுமையே இல்லாமல் உட்கார்ந்திருப்பதற்கா இப்படி வலிக்கும்?

எல்லாம் பேரின்பநாயகம் வாத்தியார் ஆரம்பித்த வேலை. யாழ்ப்பாணத்துக்காரர், இந்த ஒற்றை வாத்தியார் பள்ளிக்கூடத்துக்கு வந்து நாலு வருஷமாகிறது, குளிருக்குக் கழுத்தில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு லயம் லயமாகப் போய்ப் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு வருகிற மனுஷன். போன வருஷம் வைகாசியில் கீழே தமிழ்ச் சனத்துக்கு எதிராகக் கலவரம் நடந்து, பொலன்னறுவைப் பக்கமிருந்து அடிபட்டு ஓடிவந்த மூன்று குடும்பங்கள் லிந்துலைக்கு மேலே இருக்கிற இந்தத் தோட்டத்தில் ஒண்டிக்கொண்டிருந்தன. அந்தப் பிள்ளைகளை மற்றப் பிள்ளைகள் பேர் சொல்லாமல் 'ஏ அகதி' என்று கூப்பிடுகிறதும், பீலியில் தண்ணீர் பிடிக்கப் போனால் வந்தவர்களை வரிசைக் கடைசியில் நிறுத்துகிறதும் வாத்தியாருக்குப் பொறுக்கவில்லை, சேர்ந்து ஆடிச் சேர்ந்து பாடினால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு கலைவிழா வைத்துவிட்டார். இரண்டு பக்கத்துப் பெண்களும் கலந்து கும்மி, பிள்ளைகள் கலந்து கோலாட்டம், நடுவில் தப்படி, கடைசியில், வந்தவர்களுக்கு இடம் கொடுத்த வீட்டுக்காரிக்கு ஒரு மாலை. மற்ற இரண்டு குடும்பமும் சொந்தக்காரர்களோடு இருக்கிறது, சொந்தமும் பந்தமும் இல்லாதவர்களை வைத்திருக்கிறவள் அழகம்மா ஒருத்திதான், அதனால் மாலை அவள் கழுத்தைத் தேடி வந்தது. வேண்டாங்க ஐயா என்றுதான் சொன்னாள். "நீங்கள் ஒண்டுக்கும் பயப்பட வேண்டாம் அழகம்மா, மாலை போடேக்க குனிஞ்சு குடுத்தால் காணும், பிறகு நான் சொல்லித் தாற ரெண்டு வரியைச் சொன்னால் சரி" என்று அவர் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார். வீட்ல எடம் சின்னது, மனசுல எடம் பெருசு. ஒரு வாரமாகக் கொழுந்து பறிக்கும்போது அதைத்தான் முணுமுணுத்தாள், கை பாட்டுக்கு இலையைக் கிள்ள, வாய் பாட்டுக்கு வீட்ல எடம் சின்னது, மனசுல எடம் பெருசு, கிள்ளு, மனசுல எடம் பெருசு, கிள்ளு... இதைச் சொல்லிப் பழகிய வாய்தானே இன்றைக்குக் காலையில் அப்படிப் பேசியது?

வாத்தியாருக்கு இன்னொரு கணக்கும் இருந்தது. அதை அவள் புருஷன் கந்தப்பனிடம் மட்டும் தனியாகச் சொல்லியிருந்தார். லயத்துக் கடைசியில் ஒரு காம்பரா, ஒற்றை அறை வீடு, உர மூட்டை போட்டுப் பூட்டிக் கிடக்கிறது, தோட்டத்துத் தொரையை விழாவுக்குக் கூப்பிட்டு, சனங்களெல்லாம் ஒன்றாக ஆடுவதைப் பார்த்து அவர் மனசு இளகியிருக்கிற நேரமாகப் பார்த்து, அந்தக் காம்பராவை அழகம்மாவோடு இருக்கிற நல்லமுத்து குடும்பத்துக்குக் கேட்டுவிடுவது. கந்தப்பன் வந்து இதைச் சொன்னபோது அழகம்மா அடுப்பை ஊதினாள். ஊதின வேகத்தில் சாம்பல் பறந்து கண்ணில் விழுந்தது, கண்ணைக் கசக்கிக்கொண்டே அவள் சிரித்தது அவனுக்குத் தெரிந்திருக்காது. ஒன்பது மாதத்துக்குப் பிறகு வந்த சிரிப்பு. அப்படியென்றால் இந்த விழா யாருக்கு? வந்தவர்களைச் சேர்த்துக்கொள்ளவா, வெளியே அனுப்பவா? கேள்வி தப்பு, கடைசிக் காம்பரா என்றால் நாலு கதவு தள்ளித்தானே, அது எப்படி வெளியே ஆகும், அது நல்லதுதானே, எல்லாருக்கும் நல்லதுதானே...

தலவாக்கலை ஸ்டேஷனில் கந்தப்பன் அவர்களைப் பார்த்துக் கூட்டிவந்த நாளில் மழை. அழகன், அவன் பெண்சாதி நல்லமுத்து, இரண்டு பெண்பிள்ளைகள், ஒரு பானைகூடக் கையில் இல்லை. கொழும்பில் ஒரு பள்ளிக்கூடத்தில் வைத்திருந்து, மலைநாட்டில் ஆள் இருக்கிறவர்கள் போகலாம் என்று சொல்ல, ஆள் இருக்கிறது என்று பொய் சொல்லி ரயிலேறியிருக்கிறார்கள். ஸ்டேஷனில் பேச்சுக் கொடுத்ததில் அழகனின் அப்பாவும் கந்தப்பனின் அப்பாவும் துறையூர்ப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தவர்கள் என்று தெரிந்தது, அது போதாதா அவனுக்கு, ஊர்க்காரன் என்று கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். அன்றைக்கு அழகம்மா முகம் சுளிக்கவில்லை, அதைச் சாமி சத்தியமாகச் சொல்லலாம். தன் கம்பளியைக் கொடுத்தாள், பிள்ளைகளைத் துவட்டினாள், கரும்புக் காட்டுக்குள் இரண்டு நாள் ஒளிந்திருந்ததையும், சின்னது அழுதுவிடக் கூடாதென்று அதன் வாயைப் பொத்தியே வைத்திருந்ததையும் நல்லமுத்து குரல் எழும்பாமல் சொன்னபோது இவள்தான் கதறி அழுதாள். லயமே வந்து எட்டிப் பார்த்தது, அழகம்மா மாதிரி உண்டா என்றது. முதல் மாதம் அந்த வார்த்தை தித்திப்பாக இருந்தது. இரண்டாம் மாதம் பழகிப்போனது. அப்புறம்? இரக்கத்துக்கும் ஆயுசு இருக்கிறது போல, எண்ணெய் மாதிரி அதுவும் எரிய எரியத்தான் தீரும், தீர்ந்த பிறகும் விளக்கை ஏற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியிருக்கிறது, ஊர் பார்க்கிறதே.

ஒரு காம்பரா. பத்தடிக்குப் பன்னிரண்டடி, நடுவில் சாக்குத் திரை, அந்தப் பக்கம் அவர்கள் நாலு பேர், இந்தப் பக்கம் புருஷனும் இவளும், பத்தொன்பது வயது மகன் சின்னத்தம்பி வெளியே இஸ்தோப்புத் திண்ணையில் பனியில் சுருண்டு கிடக்கிறான். கந்தப்பனுக்கு இழுப்பு, நீட்டிப் படுத்தால்தான் மூச்சு வரும், அவன் நீட்டிப் படுத்தால் இவளுக்குத் தரை இல்லை. அடுப்படிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே கண்ணை மூடப் பழகிக்கொண்டாள், யாராவது கேட்டால் தூக்கம் வரவில்லை என்பாள், அவனுக்குக்கூடச் சரியாகத் தெரியாது. சேலை மாற்றக் காத்திருக்க வேண்டும், தலை துவட்டக் காத்திருக்க வேண்டும், புருஷனிடம் ஒரு கோபத்தைக் காட்டக்கூட ஆளில்லாத நேரம் பார்க்க வேண்டும், அந்த நேரம் ஒன்பது மாதமாக வரவில்லை. இதற்காவது நல்லமுத்து சண்டைக்காரியாக இருந்திருக்கலாம். அவளோ இருக்கிறதே தெரியாமல் இருந்தாள், முதலில் எழுந்துவிடுவாள், தண்ணீர் கொண்டுவந்துவிடுவாள், பிள்ளைகள் சத்தம் போட்டால் கண்ணாலேயே அடக்கிவிடுவாள், காலை எடுத்து வைப்பதுகூடத் தரைக்கு நோகும் என்பது போல வைப்பாள், அதுதான், அதுதான் பொறுக்க முடியாமல் போனது. இடம் எடுத்துக்கொள்ளாமல் இருக்க ஒருத்தி இத்தனை பாடுபட்டால் அந்தப் பாடே வீட்டை அடைத்துக்கொள்கிறதே, இதை யாரிடம் சொல்வது, சொன்னால் யாருக்குப் புரியும்?

காலையில் பெரிதாக ஒன்றும் நடந்துவிடவில்லை. சின்னத்தம்பி இருமிக்கொண்டே உள்ளே வந்தான். அப்பாவின் அதே இருமல். அவ்வளவுதான். அவன் முதுகைத் தடவிவிட்டு, குரலைக்கூட உயர்த்தவில்லை, அமைதியாகத்தான் கேட்டாள்: "ஒம்பது மாசமாச்சு நல்லமுத்து. நான் பெத்த புள்ள நாய் மாதிரி வெளிய கெடக்கான். எனக்கு எப்பதான் என் வீடு கெடைக்கும்?" கத்தியிருந்தால் கோபத்தில் சொன்னாள் என்று போயிருக்கும். அமைதியாகச் சொன்னதால் அது மனசிலிருந்து வந்தது என்று ஆகிவிட்டது. மூத்தவள் சண்முகவடிவுக்கு எட்டு வயது, விழாவில் ஆட நல்லமுத்து அவளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள், அந்தப் பிள்ளை நிமிர்ந்து அழகம்மாவைப் பார்த்தது, தாய் தலையைக் குனியவைத்து மறுபடி வகிடெடுத்தாள். ஆகட்டும்க்கா. அரை மணி கழித்து அதே நல்லமுத்து, முன்வரிசையில் உட்காரப் போகிறவளாயிற்றே என்று அழகம்மாவின் சேலைக் கொசுவத்தை நீவிச் சரி பண்ணிவிட்டாள். குனிந்து நீவினாள், அழகம்மாவுக்கு அவள் உச்சி மட்டும்தான் தெரிந்தது. அப்போது ஏதாவது சொல்லியிருக்கலாம்... சொல்லவில்லையே, ஏன் சொல்லவில்லை?

தொரை வந்துவிட்டார். சனம் எழுந்து நின்றது, அழகம்மாவும் எழுந்தாள், உயரமான வெள்ளைக்காரர், பக்கத்தில் தோட்டத்து வேலையை மேற்பார்க்கிற பெரிய கண்டாக்கு, இரண்டு பேரும் நாற்காலியில் உட்கார, தேயிலைப் பெட்டிப் பலகையடித்த மேடையில் வாத்தியார் ஏறிப் பேசினார். அந்தக் குளிரிலும் அவருக்கு நெற்றி வேர்த்திருந்தது. வீடிழந்து நாடோடியாய் வந்த அகதிகள், அவர்களை ஆதரித்த அன்பு உள்ளங்கள், நாமெல்லாம் ஒரு தாய் பிள்ளைகள்... அழகம்மா அந்த அகதி என்ற வார்த்தையிலேயே நின்றுவிட்டாள். எட்டு வருஷத்துக்கு முன்னால் பிரஜாவுரிமைக்கு எழுதிப்போட்டு, கடைசியில் அரசாங்கக் கச்சேரியிலிருந்து ஒரு கடுதாசி வந்தது, கந்தப்பன் பிறந்ததற்கு அத்தாட்சி இல்லை, அவன் அப்பன் பிறந்ததற்கும் அத்தாட்சி இல்லை, ஆகவே இல்லை என்று, அதைப் பெரிய கிளாக்கர்தான் வாசித்துச் சொன்னார், இந்த நாடு இல்லையென்றால் எந்த நாடுங்க என்று கந்தப்பன் கேட்டதற்கு அவர் கடுதாசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், பின்பக்கம் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. அப்படியானால் யாருக்கு யார் இடம் கொடுத்தது? காம்பரா தோட்டத்துக்காரனுடையது, மலை அவனுடையது, நாடு வேறு யாருடையதோ, தன்னுடையது என்று கொடுப்பதற்கு என்ன இருந்தது, அந்த அடுப்படிச் சுவர் ஓரம் தவிர? அசதியாக இருந்தது. தூங்கிவிடுவோமோ என்று பயமாகக்கூட இருந்தது, முன்வரிசையில், தொரைக்கு நாலு முழம் தள்ளி.

கோலாட்டம் முடிந்தது, கோல் தவறிப் பிள்ளைகள் சிரித்தன, சனம் கைதட்டியது. அடுத்தது கும்மி. பத்துப் பெண்கள் வட்டமாக நின்றார்கள், அதில் பாதிப் பேர் பீலியில் நல்லமுத்துவைக் கடைசியில் நிறுத்துகிறவர்கள், இன்றைக்கு எல்லாரும் தலையில் சாமந்தி வைத்திருந்தார்கள். நல்லமுத்து முன்பாட்டுப் பாடுகிறாள் என்று வாத்தியார் சொன்னதை அழகம்மா ஏதோ பேச்சுக்கு என்று நினைத்திருந்தாள், வாயே திறக்காதவள் என்ன பாடப் போகிறாள்... அவள் கையை ஒருதரம் தட்டினாள், வாயைத் திறந்தாள்.

கொளத்துத் தண்ணி தளும்புதடி – அதில்
கொக்கு வந்து நிக்குதடி
வளத்த கையி வாடுதடி – நம்ம
வயலு மட்டும் சிரிக்குதடி

மற்ற பெண்கள் வாங்கிப் பாடினார்கள், தப்பு மேளம் சேர்ந்தது, வட்டம் நகர்ந்தது. அழகம்மா ஆடவில்லை, அசையவில்லை. இது யார் குரல்? கட்டைக் குரல், மண்ணைத் தோண்டிக்கொண்டு வருகிற குரல், அடக்கமில்லாத குரல், மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவனும் திரும்பிப் பார்ப்பான். நல்லமுத்து தலையை நிமிர்த்தி, இடுப்பை ஒசித்து, தரையை மிதித்து ஆடினாள், மிதித்த மிதியில் பள்ளிக்கூடத் தரை அதிர்ந்தது, காலை மெத்தென்று வைக்கிற அந்தப் பெண் எங்கே போனாள், அல்லது அந்தப் பெண் எப்போதுமே இருக்கவில்லையோ? சாக்குத் திரைக்கு அந்தப் பக்கம் ஒன்பது மாதமாக இந்தக் குரல் இருந்திருக்கிறது, ஒருநாள் ஒரு தாலாட்டாகக்கூட இந்தப் பக்கம் வரவில்லை, நான் அதை அவள் சுபாவம் என்று நினைத்துக்கொண்டேன், பாவம் ஊமைக்குணம் என்று லயத்தில் சொல்லக்கூடச் செய்தேன். கரும்புக் காட்டில் பிள்ளையின் வாயைப் பொத்திய கை... என் வீட்டுக்கு வந்த பிறகும் அது எடுக்கப்படவே இல்லையா? வட்டம் சுற்றி அவள் முன்னால் வந்தபோது நல்லமுத்து, ஒத்திகையில் இல்லாத ஒன்றை, அந்த நேரத்தில் கட்டினாளோ என்னவோ, எடுத்துவிட்டாள்.

மலையில குளிரு கொல்லுதடி – எங்க
அக்கா அடுப்பு அணையலடி

சனம் ஓவென்று கூவியது, பின்னாலிருந்து யாரோ அழகம்மாவின் தோளைத் தட்டினார்கள், கந்தப்பன் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். அழகம்மாவுக்கு முகம் கொதித்தது. நன்றியா? குத்தலா? காலையில் அப்படிக் கேட்ட வாய்க்கு இப்படி ஒரு பாட்டா? நல்லமுத்துவின் முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று பார்த்தாள், வேர்வையும் சிரிப்புமாக அது சுழன்று போய்விட்டது.

பிறகு பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். மேடைக்கு நாலு படி. சண்முகவடிவுதான் மாலையோடு நின்றது, எட்டுவதற்காக அதற்கு ஒரு பெட்டி போட்டிருந்தார்கள், காலையில் நிமிர்ந்து பார்த்த அதே கண், அழகம்மா குனிந்து கழுத்தை நீட்டினாள், சாமந்தி ஈரமாக, ஜில்லென்று விழுந்தது. தொரை எழுந்தார். தோட்டத்தில் இருபது வருஷம் கழித்தவர், தமிழ் வரும், காலையில் பேர் பதிகிற பெரட்டுக் களத்தில் ஆளை விரட்டப் பழகிய தமிழ், அதை வைத்துக்கொண்டே அன்பாகப் பேசினார். "இந்த பொம்பளே நல்ல பொம்பளே. ஒரு காம்பரா, ரெண்டு குடும்பம். சண்டே இல்லே, பிராது இல்லே. எல்லா லயமும் இப்படி இருக்கணும். இவ காம்பராவுல எல்லாம் சந்தோசமா இருக்கு, ரொம்ப நல்லது, இப்படியே இருக்கட்டும்." சனம் கைதட்டியது. அழகம்மா வாத்தியாரைப் பார்த்தாள். வாத்தியார் கையில் ஒரு காகிதம், காம்பரா கேட்டு எழுதிய மனு, அது பாதி நீண்டு, நின்று, மறுபடி சட்டைப் பைக்குள் போய்விட்டது. இப்படியே இருக்கட்டும் என்று தொரை சொன்ன பிறகு எந்த வாயால் கேட்பார்? அவர் இவளைப் பார்த்துத் தலையை ஆட்டினார், சொல்லுங்கோ, அந்த ரெண்டு வரியைச் சொல்லுங்கோ.

வாயைத் திறந்தாள். வீட்ல எடம் சின்னது... இந்த வரியைச் சொன்னால் முடிந்தது, இப்படியே இருக்கட்டும் என்பது கல்லில் வெட்டினது மாதிரி ஆகிவிடும், சின்னத்தம்பி இன்னும் எத்தனை பனிக்காலம் இஸ்தோப்பில் கிடப்பான். எடம் பத்தலீங்க தொரை என்றால்? உண்மைதானே. ஆனால் மாலையைப் போட்டுக்கொண்டு, அந்தப் பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஊருக்கு முன்னால், உங்களைத் துரத்துகிறேன் என்று சொன்னது மாதிரிதானே கேட்கும், நல்லவள் வேஷம் போட்டாள் பார் என்று லயம் தூற்றுமே. அதுவா பெரிது? பெரிதாகத்தான் இருந்தது, அந்த நேரத்தில் அதைவிடப் பெரிதாக எதுவும் தோன்றவில்லை, அதை நினைக்க அவளுக்கே வெட்கமாக இருந்தது. "வீட்ல..." என்றாள். "வீட்ல எடம்..." முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைத்தாள். சனம் அதை ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்து மறுபடி கைதட்டியது.

அந்தக் கைதட்டல் ஓயும்போதுதான் கும்மிப் பெண்கள் நடுவிலிருந்து குரல் வந்தது. "எடம் பத்தலீங்க தொரை." பாடின அதே குரல், இன்னும் இறங்கவில்லை. பெரிய கண்டாக்கு திரும்பி, யாரு அது, சும்மா இரு என்று அதட்டினார். தொரை கையைக் காட்டி அவரை நிறுத்தினார். நல்லமுத்து முன்னால் வந்து நின்றாள், கையைக் கட்டிக்கொள்ளவில்லை. "அக்கா சொல்ல மாட்டாங்க, நான் சொல்றேங்க. எங்களுக்கு எடம் விட்டுட்டு ஒம்பது மாசமா அவங்க அடுப்பாங்கர செவத்துல சாஞ்சு ஒக்காந்துக்கிட்டேதாங்க தூங்குறாங்க. கேட்டா தூக்கம் வரலேம்பாங்க. அவங்க புள்ள பனியில கெடந்து இருமுது. எங்களுக்காகக் கேக்கலீங்க, அவங்க காலு நீட்டிப் படுக்கணும், அதுக்காக அந்தக் கடேசிக் காம்பராவ எங்களுக்குக் குடுங்க." பின்னாலிருந்து ஒரு கிழவி, அடியாத்தே, ஒக்காந்துக்கிட்டா, என்றாள். கந்தப்பன் வாயைத் திறந்தபடி பெண்சாதியைப் பார்த்தான்.

தொரை கண்டாக்கோடு இங்கிலீஷில் என்னவோ பேசினார், கண்டாக்கு உரம் என்றது காதில் விழுந்தது, தொரை முகத்தைச் சுளித்துக்கொண்டு கையை ஆட்டினார், கண்டாக்கு தலையைச் சொறிந்துவிட்டு எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்: "உர மூட்டைய ஸ்டோருக்கு ஏத்திடுவோம். வார ஞாயித்துக்கிழம சாவி குடுக்கச் சொல்றாரு." தப்பு முழங்கியது. வாத்தியார் மப்ளர் நுனியால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார், கலைவிழா வெற்றி என்று அவர் முகத்தில் எழுதியிருந்தது. பெண்கள் ஓடிவந்து அழகம்மாவைச் சூழ்ந்துகொண்டார்கள், ஒருத்தி கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள், நீ மனுசியில்ல தாயி என்றாள். ஒன்பது மாதத்துக்கு முன்னால் தித்தித்த வார்த்தை. ஊரெல்லாம் இவளைப் பார்த்தது, இவளோ நல்லமுத்துவைப் பார்த்தாள், இந்தக் கூட்டத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும், இல்லை, அந்தப் பிள்ளையையும் சேர்த்தால் மூன்று பேருக்கு, காலையில் என்ன நடந்ததென்று. சொல்லியிருக்கலாம் அவள். அடுப்படிச் சுவரைச் சொன்னவளுக்கு அதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? உட்கார்ந்தே தூங்குகிறதை எப்போது பார்த்தாள், எத்தனை நாளாகத் தெரியும், தெரிந்துகொண்டே திரைக்கு அந்தப் பக்கம் கண்ணை மூடிக் கிடந்தாளா, அவளும் தூங்கவில்லையா?

பனியில் ஏறி லயத்துக்குத் திரும்பினார்கள். கந்தப்பனும் அழகனும் முன்னால் போனார்கள், பூட்டை எப்படித் திறப்பது, சுவருக்குச் சுண்ணாம்பு எங்கே வாங்குவது என்று ஒரே பேச்சு, கலவரத்தில் வெட்டுப்பட்டு வளைந்துபோன கையை வைத்துக்கொண்டே நான் பூசிடுவேண்ணே என்றான் அழகன். பிள்ளைகள் ஓடின, சின்னது பாட்டுப் பாடிக்கொண்டு ஓடியது, சத்தமாக, கொக்கு வந்து நிக்குதடி, கொக்கு வந்து நிக்குதடி, அந்த ஒரு வரிதான் அதற்கு வந்தது, யாரும் கண்ணால் அடக்கவில்லை. வளைவில் நல்லமுத்து மூச்சு வாங்க நின்றபோது அழகம்மா பக்கத்தில் போய்ச் சேர்ந்தாள். இப்போது கேட்டுவிட வேண்டும். "காலையில நான் சொன்னது..." என்று ஆரம்பித்தாள்.

"என்னக்கா சொன்னீங்க?" என்றாள் நல்லமுத்து. நேராகப் பார்த்துத்தான் கேட்டாள். மறந்தவள் முகம் இல்லை, கோபித்தவள் முகமும் இல்லை, சேற்றில் கல் பார்த்துக் காலை வைக்கிறவள் முகம் மாதிரி இருந்தது. "இங்க வழுக்குது, பாத்து வாங்கக்கா" என்று சொல்லிவிட்டுத் திரும்பி ஏறினாள், கால் அழுத்தமாகத்தான் விழுந்தது.

எனக்காகக் கேட்டாளா, என்னிடமிருந்து தப்பிக்கக் கேட்டாளா? இரண்டும் ஒன்றாகவே இருக்க முடியுமா? இனிமேல் அதை எந்த நாளில் கேட்பது, நாலு கதவு தள்ளிப் போன பிறகு அவள் பக்கத்து வீட்டுக்காரி, பீலியில் பார்ப்பாள், மலையில் பார்ப்பாள், சிரிப்பாள், உப்பு கேட்டால் கொடுப்பாள்... அழகம்மா காம்பராவுக்குள் வந்து நின்றாள், மற்றவர்கள் கடைசிக் கதவைப் பார்க்கப் போய்விட்டார்கள், ஒன்பது மாதத்தில் முதல்முறையாக உள்ளே யாரும் இல்லை, சாக்குத் திரை ஒருபக்கம் ஒதுங்கிக் கிடந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை இத்தனை தரையும் அவளுக்கு. இங்கே இவர், அங்கே சின்னத்தம்பி, நான்... நான் முன்னே எங்கே படுப்பேன்? வாசல் பக்கமா, சுவர்ப் பக்கமா, தலை கிழக்கேயா, தெற்கேயா? இருபத்திரண்டு வருஷம் படுத்த இடம். தரையைப் பார்த்துக்கொண்டே நின்றாள், அந்தச் சின்னதின் பாட்டு லயத்துக் கடைசியிலிருந்து வந்துகொண்டிருந்தது, எவ்வளவு நேரம் நின்றும் தான் முன்னே படுத்த இடம் அவளுக்கு ஞாபகம் வரவில்லை.